செர்வாவின் வாழை

"சாவியக் குடுங்க அத்தை. மாமா போயி நாப்பது நாளாச்சு."

அசியாமா வாசலில் நின்று கேட்டான். பின்னால் அவன் தாய் டூஃபியேவும் குடும்பப் பெரியவர்கள் இருவரும் நின்றார்கள். அசுவாசே ஊரில் ஒருவன் செத்தால் அவன் சொத்து சகோதரி மகனுக்கு. மனைவி கடைசிவரை வேற்றுக் குடும்பத்தவள்தான்.

செர்வா சாவியைக் கொடுத்தாள்.

"வீட்ட எடுத்துக்க. தோட்டத்துல பாதி எனக்கு வேணும். அதுல என் உழைப்பு இருக்கு."

"கோகோ நட்டது மாமா. நீங்க நட்டது வாழை. அத வெட்டிக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம! உங்க வாழைய வச்சா நான் பொழைக்கப் போறேன்?"

அவள் நிஜமாகவே வெட்டுவாள் என்று யாரும் நினைக்கவில்லை. பெரியவர்கள் சிரித்தார்கள்.

கோகோக் கன்று வெயில் தாங்காது. அதனால் காட்டை அழித்ததும் பெண்கள் முதலில் வாழை நடுவார்கள். இலை விரிந்த பிறகுதான் அதனடியில் கோகோ விதை விழும். நான்கைந்து வருடம் வாழை கன்றுக்குக் குடை, வீட்டுக்குச் சாப்பாடு. கோகோ வளர்ந்து மேலே கூடிக்கொண்டதும் அடியில் வாழை நலிந்து சாகும். வெறும் காடாக இருந்த அசுவாசே லாரி லாரியாக மூட்டை அனுப்பும் ஊரானது இப்படித்தான். செர்வாவின் புருஷனுடைய பழைய மரங்கள் நோயில் போய்விட்டன. மிஞ்சியவை இரண்டு வயதுக் கன்றுகள். நகரத்துப் பள்ளியில் வாத்தியாரான அசியாமாவுக்கு இதெல்லாம் தெரியாது.

மறுநாள் காலை செர்வா அரிவாளோடு போனாள். உதடு வெடிக்க வைக்கும் வடகாற்று வீசத் தொடங்கியிருந்தது. உச்சிவேளைக்குள் மூன்று வரிசை சாய்ந்துவிட்டது. கன்றுகளின் மேல் வெயில் நேராக இறங்கியது.

டூஃபியே ஓடி வந்தாள். "அண்ணி, நிறுத்து! கன்னு கருகிடும்!"

"உன் மகன்தான் வெட்டச் சொன்னான்."

"அவன் சாக்பீஸ் புடிக்கிறவன், அவனுக்கென்ன தெரியும்? என் புருஷன் செத்தப்ப நானும் ஒத்தப் பானையோடதான வெளிய வந்தேன்? எனக்கு யாரு நியாயம் பேசுனா?"

"அப்பவே நீ வெட்டியிருக்கணும்."

டூஃபியே சாய்ந்து கிடந்த வாழை வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அசியாமா மூச்சிரைக்க வந்தான்.

"விட்டுடுங்க அத்தை! வாழைக்கு என்ன வெல வேணும்?"

"வெலைக்கு இல்ல. பாதித் தோட்டம் எனக்குன்னு பெரியவங்க முன்னால சொல்லு. வாழையும் நிக்கும், நானும் நின்னு பாத்துக்கறேன்."

"பொண்டாட்டிக்குத் தோட்டம் குடுக்குற வழக்கம் இல்லையே!"

"சரி" என்று சொல்லிவிட்டு செர்வா நான்காவது வரிசைக்குப் போனாள்.

அவள் கையைப் பிடிக்க அசியாமா பாய்ந்தான். டூஃபியே குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதடா. அது அவ நட்டது."