மூன்று நொடி நிற்கும் சேட்டிலைட்

2010 தை மாதம், சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் பெரிய மனிதர் சடையப்பன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், முந்திரி மண்டி வைத்திருப்பவர். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். ஜாதகமாக்கும் என்று அம்மா ஆசையோடு எட்டிப் பார்த்தாள். ஜாதகமில்லை. நெட்டில் வந்த சேதியாம்.

“அமெரிக்காக்காரன் உடற சேட்டிலைட்டு எல்லாம் நம்ம கோயிலு மேல வரும்போது மூணு செகண்டு நின்னுட்டுத்தான் போவுதாம். அவனே அசந்து போயிட்டானாம்.”

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அப்படிங்களா” என்றார் அப்பா. மின்வாரியத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த மனிதர் அவர். யார் எதைச் சொன்னாலும் அவருக்கு “அப்படிங்களா”தான்.

நான் கேசரித் தட்டோடு நின்றேன். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, எம்.ஃபில். பாதி முடித்தவள். “இன்னிக்கும் வாயத் தொறந்த, தெரியும் சேதி” என்று அம்மா காலையிலேயே மிரட்டி வைத்திருந்தாள். முன்பு வந்த இரண்டு வரன்கள் என் வாயால்தான் போயினவாம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சேட்டிலைட், நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுவதால்தான் கீழே விழாமல் இருக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அதற்கு ஆறே நொடி. நின்றால் கதை முடிந்தது. இதையெல்லாம் விழுங்கிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை கதிரவன் பெங்களூரில் சேட்டிலைட் வேலையில்தான் இருந்தான். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் பட்டுப்புடவை கட்டவே சம்மதித்தேன். அவனாவது சொல்வான் என்று நினைத்தேன்.

“நீ சொல்லுடா, நிக்குதா இல்லியா?” என்றார் மாமா.

“ஆமா மாமா, நிக்கும்” என்றான். சொல்லிவிட்டு பஜ்ஜியைக் கடித்தான்.

அடுத்தபடியாக மாமா என் படிப்புக்கு வந்தார். “பொண்ணு படிச்ச வரைக்கும் ஜாஸ்தி. மிச்சத்த நிறுத்திடலாம். பெங்களூருக்குப் போயி குடும்பத்தப் பாக்கட்டும்.” அதற்கும் அப்பா “அப்படிங்களா” என்றார். இன்னும் ஏழே மாதத்தில் முடிகிற ஆய்வு என்னுடையது.

இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள்.

“சேட்டிலைட் எவ்வளவு உயரத்துல போவுது?” என்று கேட்டேன்.

சிரித்தான். “எந்த சேட்டிலைட்டுங்க? டிவிக்கு உடறது முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர். நாங்க பாக்கறது எழுநூறு.”

“அந்த எழுநூறுல போறது கோயிலு மேல நிக்குமா?”

“எப்படிங்க நிக்கும்? நின்னா விழுந்துடும். உங்களுக்குத் தெரியாதா?”

“அப்ப கீழ ஏன் ஆமான்னீங்க?”

“மாமா சொல்றாரு. ஆமான்னு சொன்னா நமக்கு என்ன குறைஞ்சிடப் போவுது?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்க படிப்பப் பத்தியும் கவலப்படாதீங்க. முடிச்சிட்டே வாங்க. மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றான்.

பார்க்க நன்றாகவே இருந்தான். பேச்சிலும் தன்மை இருந்தது. அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகமானது. இவன் சொல்லிக்கொள்வானா, மாட்டானா என்பதில் என் ஏழு மாதமும் இருந்தது. அதற்கப்புறம் உள்ள வருஷங்களும் இருந்தன.

கீழே வந்ததும், “என்னம்மா, புடிச்சிருக்கா?” என்று கேட்டார் சடையப்பன்.

“ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேங்க” என்றேன். அம்மாவின் முகம் வெளுத்தது. “அந்த சேட்டிலைட்டு கோயிலு மேல நிக்காதுங்க மாமா. மாடியில இவரே சொன்னாரு. வேணும்னா இப்பக் கேளுங்க.”

சடையப்பன் மருமகனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. அந்த மனிதருக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான். சொன்னால் கேட்டிருப்பார்.

கதிரவன் என்னைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தான்.

“நிக்கும் மாமா” என்றான்.

மூத்தவர் திருப்தியாகக் காகிதத்தை மடித்தார். நான் அப்பாவிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியே, “எனக்கு இந்த எடம் வேணாம்பா” என்றேன். வந்தவர்கள் வெற்றிலைத் தட்டைத் தொடாமலேயே கிளம்பிப் போனார்கள்.

கார் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து அம்மா ஆரம்பித்தாள். “அது நின்னா என்னா, நிக்காட்டி என்னா? உனக்கு என்னாடி போச்சு? ஆம்பளைங்க சொன்னா ஆமான்னு தலையாட்டிட்டுப் போவ வேண்டியதுதான. நான் ஆட்டல? இருபத்தெட்டு வருஷமா ஆட்டிக்கிட்டுத்தான இருக்கேன்?”

அப்பா கூடத்தில்தான் இருந்தார். வெற்றிலைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

“அதப் பாத்துத்தாம்மா வேணாங்கறேன்” என்றேன்.