சாப்பாட்டுக்கு அரை மணி முன்

மூன்று மருந்துகள் சமையலறை ஜன்னலில் இருந்தன. ஒன்றும் பூங்கோதைக்குக் கேட்கவில்லை.

பாட்டிலில் இருந்த இளஞ்சிவப்பு மருந்து கணவன் பிரேம்குமார் வாங்கி வந்தது. இரண்டு ஸ்பூன் குடித்தால் நெஞ்செரிச்சல் உடனே அடங்கும், ஒரு மணி நேரத்தில் மறுபடி கிளம்பும். ரானிடிடின் அட்டை பக்கத்து வீட்டு ஷபானா அக்கா கொடுத்தது. "இந்த ஊர்ல எல்லாருக்கும் அம்பல்தான் கோதை, அதான் இந்த நெஞ்செரிச்சல். பெங்காலிங்க பையில வீட்டுச் சாவி இருக்கோ இல்லியோ, ஆசிட் மாத்திரை இருக்கும்" என்று சிரித்தாள். அது பாதி நாள் தாங்கியது. மூன்றாவது, டாக்டர் எழுதிய ஒமிப்ரசோல் கேப்ஸ்யூல். மூன்றிலும் பலமானது என்றார். பூங்கோதைக்கு அதுதான் மூன்றிலும் மோசம்.

'சாப்பாட்டுக்கு அரை மணி முன்' என்று சீட்டில் எழுதியிருந்தது. ஆனால் சாப்பாடு எப்போது என்பது அவள் கையில் இல்லை.

பிரேம்குமாருக்குக் கார்டன் ரீச்சில் கப்பல் பட்டறையில் இரவு ஷிப்ட். தொண்ணூற்றாறில் கல்யாணமாகிக் கல்கத்தா வந்த முதல் வாரம், காலையில் அவன் திரும்பும்வரை அவள் பசியோடு காத்திருந்தாள். அவன் உருகிப்போய்த் தன் தட்டிலிருந்து முதல் வாய் ஊட்டிவிட்டான். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. "நான் வராம எம் பொண்டாட்டி பச்சத்தண்ணி குடிக்கமாட்டா" என்று பட்டறை முழுக்கச் சொன்னான். நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், "இவங்கதானா பச்சத்தண்ணி அண்ணி?" என்று கேட்டார்கள். அவளும் சிரித்தாள். முதல் வருஷம் உண்மையாகவே சிரித்தாள்.

ஏழேகாலுக்கு வருவான். ஓவர்டைம் என்றால் ஒன்பது, சில நாள் பத்தரை. ஆறே முக்காலுக்குக் கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டு, மூடிய இட்லிப் பாத்திரத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். எட்டு மணிக்கு நெஞ்சில் தீ ஏறும். ஒரு இட்லியைப் பிட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் வந்ததும் அவன் "சாப்பிட்டியா?" என்பான். இல்லை என்ற பதிலுக்காகவே கேட்பான். அந்த முகத்திடம் அவளால் பொய் சொல்ல முடியாது, உண்மையையும்.

கேப்ஸ்யூலும் கேட்காததால் மறுபடி டாக்டரிடம் போனார்கள். அவர் வங்க மொழியில் கேட்டதற்கெல்லாம் பிரேம்குமாரே பதில் சொன்னான். அவளுக்கு அந்தப் பாஷை புரியும், பேச வராது.

"கேப்ஸ்யூல் போட்டு எவ்வளவு நேரத்தில் சாப்பிடுகிறார்?"

"நான் வந்ததும். நான் வராமல் சாப்பிடவே மாட்டாள்" என்றான் பெருமையாக.

"நீங்கள் எப்போது வருவீர்கள்?"

"ஏழேகால். ஓவர்டைம் இருந்தால்... ஒன்பது, பத்து."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பாட்டில் மருந்து, வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் அமிலத்தை அடக்கும். அட்டை மாத்திரை சுரப்பைக் குறைக்கும். கேப்ஸ்யூல் சுரக்கிற இடத்தையே பூட்டும். ஆனால் சாப்பாடு வரும்போதுதான் அந்த இடம் முழுசாக விழிக்கும், விழித்தால்தான் பூட்டு விழும். நேரத்துக்குச் சாப்பிடாமல் மருந்தை மாற்றிப் பயனில்லை. இப்படியே போனால் அடுத்த மாதம் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்."

பஸ்ஸில் பிரேம்குமார் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இவ்ளோதானே கோதை? நாளையிலேர்ந்து ஓவர்டைமே வேணாம்னுடறேன். ஏழேகாலுக்கு டாண்ணு வந்துடுவேன். சேர்ந்தே சாப்பிடலாம்."

அவன் தோளில் சாய வேண்டும்போலவும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓட வேண்டும்போலவும் இருந்தது அவளுக்கு.

"வராட்டி?"

"வருவேங்கிறேன்ல."

"வராட்டி நான் சாப்பிட்டுடுவேங்க."

பிடித்திருந்த கை தளர்ந்தது. "காத்திருன்னு நான் என்னிக்காவது சொன்னேனா?"

சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

நான்கு நாள் நேரத்துக்கு வந்தான். ஐந்தாம் நாள் வரவில்லை. ஏழேகாலுக்கு அவள் தட்டில் மூன்று இட்லி வைத்தாள். முதல் இட்லி இறங்கவில்லை. இரண்டு முறை எழுந்துபோய்த் தெருவைப் பார்த்தாள். பிறகு மூன்றையும் சாப்பிட்டுத் தட்டைக் கழுவினாள்.

ஒன்பதரைக்கு வந்தான். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

செருப்பைக் கழற்றாமல் ஒரு நிமிஷம் நின்றான். "எனக்குப் பசியில்ல" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

பின்னாலேயே போய், ஒரு வாயாவது என்று கெஞ்ச வேண்டும். கால்கள் தாமாகவே எழுந்தன. அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். பாத்திர மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"சட்னி எங்க?"

"அடுப்புக்குப் பக்கத்துல."

தட்டோடு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். ஒருதரம்கூடத் திரும்பவில்லை. அவள் பரிமாற எழவில்லை, எழுந்து போகவுமில்லை.