வாசலில் பூட்டிய வண்டி

காந்தம் என்றால் அந்தப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் தெரியாத ஆள் கிடையாது. கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தரையில் இழுத்துக்கொண்டே நடப்பாள். ஆணி, திருகு, மூடி எல்லாம் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயர் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. விடியும்போது மூன்று சக்கர வண்டியை மிதித்துக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் அட்டை தனியாக, பாட்டில் தனியாகச் சாக்குகளில் கட்டிவிடுவாள். கணவனுக்கு இடுப்பு விழுந்ததிலிருந்து வீட்டில் அடுப்பெரிவது அந்த வண்டியை நம்பித்தான்.

அவளுடைய நாத்தனாருக்கும் இதே தொழில். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அடுக்குமாடி வீட்டுத் தெரு யாருக்கு என்பதில் மூண்ட சண்டை. சந்தில் எதிரெதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

அன்று காலை அந்தத் தெருவில் பழைய தொட்டிகளைக் காணோம். புதுத் தொட்டிகள் நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. பக்கத்தில் குப்பைக் குத்தகை எடுத்த கம்பெனியின் லாரியும் சூப்பர்வைசரும்.

"இனிமே இந்தத் தெருவுல நீ பொறுக்கக் கூடாதும்மா. குப்பை கம்பெனியோடது. எடுத்தா திருட்டு."

"நேத்து வரைக்கும் மூக்கைப் பொத்திக்கிட்டு இதைத் தாண்டிப் போனீங்க. ராத்திரியோட ராத்திரியா நகையா மாறிடுச்சா சார்?"

லாரிக்காரன் சிரித்துவிட்டான். சூப்பர்வைசருக்குச் சுருக்கென்றது. வண்டியை லாரியின் பின்னால் கட்டச் சொன்னார். இரண்டு ஆட்கள் கயிற்றோடு வந்தார்கள். காந்தம் அவர்களைத் தடுக்கவில்லை. வண்டியில் ஏறி பாட்டில் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்கு."

"வண்டியைத்தானே எடுக்கறீங்க? நான் வண்டியோட சேர்ந்தவ. இழுங்க."

இழுத்தார்கள். கடைத்தெரு வழியாக லாரி மெல்ல ஊர்ந்தது. குலுங்கும்போதெல்லாம் அவளுக்குக் கீழே பிளாஸ்டிக் பாட்டில்கள் படபடவென்று நசுங்கின. கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். முதலில் அவளுக்குக் கூசியது. தலைத்துணியை இழுத்து முகத்தை மூடப்போனாள். நான் எதுக்கு மூடணும் என்று தோன்றியதும் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கம்பெனியின் குடோன் வாசல் ஒரே ஒரு லாரி நுழையும் அகலம்தான். முன்னால் லாரி உள்ளே போக, வாசலில் வண்டி வரும் சமயம் பார்த்துக் கயிற்று முடிச்சை அவிழ்த்துவிட்டுக் குதித்தாள். வண்டி வாசலின் நடுவில் நின்றது. தினமும் வீட்டு வாசலில் வண்டியைப் பூட்டிவைக்கும் சங்கிலியைச் சக்கரத்தில் நுழைத்து, கேட்டுக் கம்பியோடு சுற்றி, பூட்டைப் போட்டுச் சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னம்மா பண்ற? உள்ளே இருக்கிற லாரியெல்லாம் எப்படி வெளியே போகும்?"

"நீங்க தொட்டிக்குப் பூட்டுப் போட்டீங்க. நான் என் வண்டிக்குப் பூட்டுப் போட்டேன். இதுல திருட்டு எங்கே வந்துச்சு?"

அவர் குரலை இறக்கினார். "சரி, உனக்கு வேலை தரேன். கம்பெனிச் சட்டை போட்டுக்கோ. பொறுக்கறதைக் கம்பெனிக்குக் குடுத்துடு."

"என் கையால எடுத்ததை உங்ககிட்ட குடுத்துட்டு, உங்க கையைப் பார்த்து நிக்கணுமா? வேண்டாம் சார்."

"டேய், கட்டரைக் கொண்டா!"

குடோன் ஆள் ஒருவன் உள்ளே போய் வெறுங்கையோடு திரும்பினான். போன வருஷம்வரை அவனும் தெருவில் சாக்கு தூக்கியவன்தான். "கட்டர் ரிப்பேர் சார்" என்றான், காந்தத்தின் முகத்தைப் பார்க்காமல்.

செய்தி தீயாகப் பரவியிருந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது சாலையில் கடகடவென்று சத்தம். நாத்தனார் முன்னால் மிதித்து வர, பின்னால் பொறுக்கும் பெண்களின் வண்டிகள். எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே வரிசையாக நிறுத்தினார்கள்.

சூப்பர்வைசர் நாத்தனாரிடம் நயமாகப் பேசிப் பார்த்தார். "இவளுக்கும் உனக்கும் ஆகாதுன்னு கேள்விப்பட்டேனே. அந்தத் தெருவுல உனக்கு ஒரு வழி பண்ணித் தரேன், வண்டியை எடு."

"அவகூடச் சண்டை போடற உரிமை எனக்கு மட்டும்தான்! நடுவுல நீ யாரு?" என்று கத்திவிட்டு, காந்தத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணி, காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

மாதக்கணக்கில் கேட்காத குரல். காந்தம் அவள் பக்கம் திரும்பினாள். "தண்ணி இருந்தாக் குடு" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் தெருக்களில் புதுத் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. சூப்பர்வைசரின் போன் ஓயாமல் அடித்தது. கடைசியில் மேனேஜர் காரில் வந்தார். தன் குடோனுக்குள் கார் நுழைய வழியில்லாமல் இறங்கி நடந்தார்.

"வண்டியை எடுத்துட்டுப் போங்க. யார் வண்டியையும் இனிமே தொடமாட்டோம்" என்றார்.

"மெதுவாச் சொல்றீங்க. கடைசியில நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார். "ஆனா தொட்டிப் பூட்டு அப்படியேதான் இருக்கும். அதை மாத்த முடியாது."

"இருக்கட்டும். தொட்டியில விழுந்தாத்தானே உங்களுது? விழறதுக்கு முன்னாடி அது வீட்டுக்காரங்களுது. அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கறோம்."

மேனேஜர் காருக்குத் திரும்பி நடந்தார். காந்தம் நிதானமாகச் சாவியை எடுத்தாள்.

மறுநாள் அண்ணியும் நாத்தனாரும் அடுக்குமாடித் தெருவுக்கு ஒன்றாகவே போனார்கள். முதல் வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் படாரென்று சாத்தினார். அடுத்த வீட்டில் நாய் குரைத்தது. அதற்கடுத்த வீட்டில் ஓர் அம்மா தலை கலைந்தபடி வந்து, "நேத்து அந்த வாசலை அடைச்சது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு கட்டுப் பழைய பேப்பரைத் தூக்கி வந்தாள்.

தெருமுனையில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். அதுவரை அந்தத் தெரு வீட்டுக்காரர்கள் யாரும் காந்தத்தின் குரலைக் கேட்டதில்லை. சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போவாள். இப்போது வண்டியின் மேல் ஏறி நின்றாள். மேல்மாடிக்கும் கேட்கும்படி, அடிவயிற்றிலிருந்து கூவினாள்:

"பழைய பேப்பர், பாட்டில், இரும்பே...!"