பதினெட்டும் இருபதும்

அம்மா போன மூன்றாவது மாதம் என் வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அலுவலகத்தில் ஆவண அறை என் பொறுப்பு. மேல்தட்டிலிருந்து கோப்பை எடுக்கக் கையைத் தூக்கினால் பாதியிலேயே நின்றுகொண்டது. அம்மாவுக்காக வந்துகொண்டிருந்த பிசியோதெரபிப் பெண்ணைப் போனில் பிடித்துக் கேட்டேன்.

"ஆறு வருஷமா தெனமும் ஆளைத் தூக்கின கை, அக்கா. திடீர்னு சும்மா விட்டா இறுகத்தான் செய்யும். டம்பெல் வாங்கி வீட்லயே பண்ணுங்க. எடையைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வாங்கினா இடத்தை அடைக்காது."

இடம்தான் சிக்கலே. ஹாலில் சோபாவும் நானும் போக மிச்சமிருக்கும் சந்தில் பூனைகூட ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். காலியாக இருப்பது அம்மாவின் அறை ஒன்றுதான். கட்டிலைத் தம்பி யாருக்கோ கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் அந்த அறைக்குள் போகவில்லை. பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பயம்தான்.

"அங்க ஏதாவது வாங்கிப் போடுக்கா. இல்லன்னா நீ கடைசிவரைக்கும் அதைப் பூட்டியேதான் வெச்சிருப்பே" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி போனில் ஓதுவான். அம்மாவை ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்க்காதவனுக்கு உபதேசத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஆனால் அவன் சொன்னதில் தப்பும் இல்லை.

சனிக்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கட்டில் கால்கள் தரையில் நான்கு வட்டக் கறைகளை விட்டுப் போயிருந்தன. ஆறரை அடிக்கு மூன்று அடி. அளந்த கையோடு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். முதலாவதில் ஒவ்வொரு தடவையும் திருகாணியைக் கழற்றி வட்டுகளை மாட்ட வேண்டும்.

"கொஞ்சம் பொறுமை வேணும் மேடம்."

"அது என்கிட்ட தீர்ந்துபோச்சு. அடுத்ததைக் காட்டுங்க."

இரண்டாவது வகை ஜோடியாக, தட்டுக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தது. "இந்தக் குமிழைத் திருகினாப் போதும். பத்து வேணும்னா பத்து கிலோ மட்டும் கையோட வரும். மீதி வட்டெல்லாம் தட்டுலயே நின்னுடும்" என்றார்.

அம்மாவும் வருஷா வருஷம் குறைந்துகொண்டேதான் வந்தாள். ஐம்பத்திரண்டு, நாற்பத்தாறு, கடைசியில் முப்பத்தெட்டு. மீதி எந்தத் தட்டில் நின்றதோ தெரியாது.

"ரெண்டும் சேர்ந்து முப்பத்தெட்டு வருமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்த எடுப்புலயா? நாலு நாலு கிலோவுல ஆரம்பிங்க மேடம்."

"வருமா, வராதா?"

"ரெண்டு ரெண்டாத்தான் ஏறும். ஒண்ணுல பதினெட்டு, இன்னொண்ணுல இருபதுன்னு வெச்சா வரும். ஆனா அப்படி யாரும் வெக்க மாட்டாங்க. ஒரு பக்கமா சாயும்."

சாயட்டும். அம்மாவுக்கு இடது பக்கம் செயலற்றுப் போயிருந்தது. எதிரே நின்று தூக்கும்போது கனமெல்லாம் என் வலது கைக்குத்தான் வரும்.

"தூக்கிப் பாருங்க" என்று அவர் பத்துப் பத்தாகத் திருகி வைத்துவிட்டு ஒதுங்கினார். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கிக் குனிந்தேன். வாய் தன்னால் சொல்லிவிட்டது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. கழுத்தைப் பிடிச்சுக்கோ."

கடைக்காரர் இரும்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அதைக் கழுத்துன்னு சொல்ல மாட்டாங்க மேடம். கைப்பிடி" என்றார், ரொம்பப் பொறுப்பாக.

"சரி, கைப்பிடி. இதையே கொடுங்க" என்றேன்.

வீடு வந்து சேரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டேன். ஆறு வருஷம் தினமும் நாலு வேளை அம்மாவைத் தூக்கும்போது சொன்ன வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு இனி ஆள் இல்லை என்பது ஒரு கடையில், இரும்புக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை, தம்பியின் போன் வருவதற்கு முன்பே அறையைத் திறந்து பெருக்கினேன். நான்கு கறைகளுக்கு நடுவே பாயை விரித்து, தட்டுகளை இரண்டு பக்கமும் வைத்தேன். நாலு கிலோவில்தான் ஆரம்பிக்க வேண்டும், எனக்கும் தெரியும். ஒரே ஒரு தடவை, இடுப்பு உயரம்வரைக்கும். இடது பக்கம் பதினெட்டு, வலது பக்கம் இருபது என்று திருகினேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். குனிந்து கைப்பிடிகளைப் பற்றினேன். "கழுத்தைப் பிடிச்சுக்கோம்மா."

வலப்பக்கம் சாய்ந்துகொண்டே முப்பத்தெட்டு கிலோவும் எழுந்து வந்தது. கைக்குப் பழகிய அதே கனம். கழுத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.