டெலூரிய மூச்சு

தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆடி மாதத்தில் வைதேகியின் வாயில் பூண்டு வாடை வீசத் தொடங்கியது. அவளுக்கு அது தெரியவில்லை. மந்தைவெளி வீட்டில் பூண்டு வாங்குவதே கிடையாது. அதனால் அம்மா ஜானுதான் முதலில் கண்டுபிடித்தாள்.

“எங்கேடி சாப்பிட்டுண்டு வந்தே?”

“ஆத்துலேர்ந்து கொண்டுபோன தயிர்சாதம்தாம்மா.”

அம்மா நம்பவில்லை. மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்துபோய் நின்றுகொண்டாள்.

அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வைதேகி முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உடம்பில் உண்டாகும் பெராக்ஸைடு நம் செல்களை அரித்துவிடாமல் ஒரு என்சைம் காக்கிறது. அந்த என்சைமின் வேலையைச் செய்யும், டெலூரியம் என்ற தனிமம் கொண்ட சேர்மம் ஒன்றை உருவாக்குவதுதான் அவள் ஆராய்ச்சி. வாடையின் காரணத்தைப் பக்கத்து மேஜை அன்வரி பேகம் சொன்னாள்.

“அன்னிக்குக் குடுவை உடைஞ்சப்போ நீதானே குனிஞ்சு துடைச்சே? டெலூரியம் உள்ளே போயிருக்கு. மூச்சுல பூண்டு வாடையா கொஞ்சம் கொஞ்சமா வெளியே வரும். பயப்படாதே.”

பயம் அதற்கப்புறம்தான் வந்தது. ஒவ்வொரு சோதனையிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சேர்மம் சேர்க்காத கரைசல் ஒன்று இருக்கும். பெராக்ஸைடு சிதைந்தால்தான் கோடு மேலே ஏறும்; இதில் எதுவும் நடக்காது. கருவியின் பேனா காகிதத்தில் படுத்த கோடாக இழுத்துக்கொண்டு போகும். வைதேகி செய்தபோது அந்தக் கோடு மேலே ஏறியது. பாத்திரங்களை அமிலத்தில் கழுவினாள், புதிதாக மாற்றினாள். அப்போதும் ஏறியது. அன்வரி செய்து பார்த்தாள். கோடு படுத்தே கிடந்தது. வைதேகி மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பேனா எழும்பியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் பரத்வாஜ் வந்து, வைதேகியைத் திறந்த கரைசலின் முன்னால் உட்காரவைத்தார்.

“மூச்சைப் பிடிச்சுக்கோம்மா.”

பேனா தயங்கி, படுத்தது.

“இப்போ விடு.”

ஏறியது. திரும்பத் திரும்ப அப்படியே செய்யச் சொன்னார். பிறகு, தூங்குகிற குழந்தையைப் பார்த்துச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: “நாம பண்ணினதைவிட இது நன்னா வேலை செய்யறது. நாளைலேர்ந்து இது இங்கேயே இருக்கட்டும்.”

‘இது’ என்று அவர் சொன்னது தன்னைத்தான் என்று புரிய வைதேகிக்குச் சற்று நேரம் பிடித்தது. அன்வரி கருவியின் சுவிட்சை அணைத்தாள்.

“போதும் சார்.”

வைதேகி அதன்பின் அங்கே போகவில்லை. பல நாட்கள் தன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். உள்ளே வேறு யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது. கார்த்திகைக்குள் வாடை போய்விட்டது. தி. நகரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது.

தை மாதம் அன்வரி வீட்டுக்கு வந்தாள். கொடுத்த காபியைத் தொடவில்லை.

“சார் யாரையும் உள்ளே விடறதில்ல. அவரே டெலூரியக் குடுவையைத் திறந்து மோந்துட்டார் போல. ரூம் பூரா அந்த வாடை. நேத்து கதவைத் தள்ளிக்கினு போனேன். மெஷின் முன்னாடி உட்கார்ந்திருந்தார்.”

“மூச்சைப் பிடிச்சுப் பார்த்துண்டிருந்தாரா?”

“ஆமா. வாயையும் மூக்கையும் கையால பொத்தியிருந்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல.” அன்வரி குரலைத் தாழ்த்தினாள். “கோடு மட்டும் மேலே போய்க்கினே இருந்துச்சு.”

அந்த வாரமே அவருடைய மனைவி ஸ்ரீலக்ஷ்மி வந்து அவரை அழைத்துப்போனாள். அந்த அறையைத் தனக்கு வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.