சஹனில் விரித்த தாள்

காலை ஆறரை மணிக்கு மர்ஷூதா யானை லத்தி ஒன்றைத் தடியால் உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிப்பத்தான்சேனை வயல்வெளியான வட்டைக்கு அப்பால், வயல் முடிந்து காடு தொடங்கும் இடம் அது. லத்திக்குள் வைக்கோல் நார், விளாம்பழ ஓடு, நீலப் பொலித்தீன் துண்டு. மூன்றையும் கொப்பியில் எழுதினாள். இரண்டு வருடமாக இப்படித்தான் எழுதுகிறாள். பொலித்தீனைக் கண்டால் முன்பு கோபம் வந்தது. இப்போது எழுதுவதோடு சரி.

யானை ஆய்வு ஒன்றில் அவளுக்குக் களப்பணி. சாய்ந்தமருதில் அவளுடைய தெருவில் அதற்கு வேறு பெயர். "பட்டம் முடிச்ச புள்ள யானப் பீ கிண்டப் போகுது" என்று பக்கத்து வீட்டு முனவ்வறா மாமி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள்.

அந்தப் பக்கத்து யானைகளைக் காதையும் வாலையும் பார்த்தே மர்ஷூதாவுக்குத் தெரியும். பெண்களும் குட்டிகளும் ஒரு கூட்டம். வளர்ந்த ஆண்களுக்கு அதில் இடமில்லை. அப்படிப் பிரிந்து வந்த மூன்று அலியன்கள், கொம்பில்லாத ஆண் யானைகள், சேர்ந்து திரிந்தன. பெரியவனின் இடது காதில் ஓட்டை. அதனால் அவன் ஓட்டைக்காதன். மற்ற இரண்டும் இளசுகள். அவன் நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். அவன் நெல் வேளாண்மைக்குள் இறங்காமல் வாய்க்கால் ஓரமாகவே போவான். பின்னால் இளசுகளும் அப்படியே போகும். ஒருநாள் மர்ஷூதாவின் ஸ்கூட்டி பழுதாகி, அவளுடைய அண்ணன் றமீஸ் காக்கா அவளை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனான். ஓட்டைக்காதன் பாதையோரம் ஒதுங்கி நின்று இவர்களுக்கு வழி விட்டான். றமீஸ் அந்தக் கதையை ஒரு மாதம் கதைத்தான்.

அன்று காலை வட்டைக் காவல்காரர் அப்துல் ஹமீட் நானா போன் எடுத்தார்.

"மகள், பெரியவன் ரெண்டு நாளா வாய்க்காலடியில நிக்கான். தண்ணிய எடுக்கான், குடிக்கான் இல்ல. மத்த ரெண்டும் அவனச் சுத்தி நிக்கிது."

"டொக்டருக்குச் சொல்றன் நானா."

"கெதியாச் சொல்லுங்க. அவன் போனா இந்த ரெண்டையும் ஆரு மறிக்கிற? வயலுக்குள்ள இறங்கிச்சிண்டா எங்கட ஆக்கள் துவக்க எடுத்து வெடிதான் வைப்பாங்க."

மிருக வைத்தியர் வந்தார், மருந்து ஏற்றினார். மூன்றாம் நாள் ஓட்டைக்காதன் விழுந்து செத்தான். வயிற்றை வெட்டியபோது மர்ஷூதா பக்கத்தில் நின்று குறிப்பு எடுத்தாள். பொலித்தீன் கட்டி கட்டியாக வந்தது. அதில் ஒரு பொதி அவிழாமலே இருந்தது. சாப்பாட்டுத் தாள் எனும் மெல்லிய பொலித்தீன் விரிப்பு ஒன்றின் நாலு மூலையையும் சேர்த்து முறுக்கி, நுனியை உள்ளே செருகிய பொதி. அதற்குள் மாட்டெலும்பு.

அந்தக் கட்டு அவளுடையது.

இரண்டு மாதத்துக்கு முன் றமீஸின் கலியாண விருந்து, வலீமா. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகள், எண்பது. பெண்கள் பின்னேர அஸர் தொழுகை வரை குந்தியிருந்து கழுவ வேண்டும். மர்ஷூதாதான் வழி சொன்னாள்: சஹனில் தாளை விரியுங்கள், முடிந்ததும் எலும்போடு மிச்சத்தோடு இப்படிக் கட்டுங்கள், சஹன் சுத்தம். "படிச்ச புள்ளட மூள" என்று முனவ்வறா மாமியே மெச்சினாள். தெருவெல்லாம் அதே கட்டைக் கட்டியது. பொதிகளை உழவு இயந்திரம் ஏற்றிப்போய்க் காட்டோரக் குப்பை மேட்டில் கொட்டியது. லத்தியில் பொலித்தீன் பார்த்தவளுக்கு அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை.

அவள் அழவில்லை. கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் தங்கை கைருன்னிஸாவின் கலியாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. மூலையில் சாப்பாட்டுத் தாள் கட்டுக் கட்டாக.

"காக்கா, இதக் கடையில திருப்பிக் குடுங்க."

"என்னத்துக்கு?" என்றான் றமீஸ்.

"யானைட வயித்துக்குள்ள எங்கட பொதி இரிக்கி."

"அதுல எங்கட வாப்பாட பேர் எழுதியிருந்திச்சா? ஊருல எத்தின கலியாணம் நடக்குது."

"ஓம், எங்கடதா இல்லாமலும் இரிக்கலாம். ஆனா அப்பிடிக் கட்டப் படிப்பிச்சுக் குடுத்தது நான்."

"மறுகா எண்பது சஹனையும் ஆரு கழுவுற? பொம்புளயள் சாகிறாங்க எண்டு நீதானே அண்டைக்குக் கத்தின."

"கத்தினன். ஆம்புளயளக் கழுவச் சொல்லத்தான் வாய் வரல்ல. அத விட லேசா இரிந்திச்சி, யானைக்குத் தின்னக் குடுக்கிறது."

றமீஸ் சிரிக்கப் பார்த்தான். பிறகு, "எந்த யான?" என்று கேட்டான்.

"உங்களுக்கு வழி விட்டவன்தான்."

மறுநாள் தாள் மூலையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கலியாணத்தன்று, வெறும் சஹனில் சாப்பாடு போனது. பந்தி முடிந்ததும் றமீஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் குந்தினான். வாசலில் நின்ற கூட்டாளிமார் சிரித்தார்கள்.

"என்ன மச்சான், பொண்டாட்டி தந்த தண்டனையா?"

"திண்டவன்தான் கழுவணும். நாம கழுவப் பஞ்சிப்பட்டு வீசினதாலதான் அங்க ஒண்டு செத்துக் கிடக்கு. வா, இரி."

இரண்டு பேர் வந்து குந்தினார்கள். ஏழெட்டுப் பேருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

அப்போது மர்ஷூதாவின் போன் அடித்தது. அப்துல் ஹமீட்.

"ரெண்டும் ராவு வயலுக்குள்ள இறங்கிட்டுது மகள். ஒரு ஏக்கர் போயிட்டு. ஆக்கள் துவக்கு எடுக்கப் போறாங்க."

"இன்னம் ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்க நானா. நான் வந்து கதைக்கிறன்."

போனை வைத்தவள் முகத்தைப் பார்த்து முனவ்வறா மாமி, "என்ன புள்ள?" என்றாள்.

"குப்பய வாசலுக்கு வெளியால போட்டா அது இல்லாமப் போயிட்டுது எண்டு நினைக்கம் மாமி. அது எங்கயும் போறல்ல. ஒண்டுட வயித்துக்குள்ள போகும், மறுகா இன்னொருத்தர்ட வயலுக்குள்ள வரும். நாம அழுக்குப் படாம இரிக்க, வேற ஆரோ சாகுறாங்க."

மாமி சஹன் தேய்க்கிற தேங்காய்ப் பொச்சு ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

இன்னும் முப்பத்தொரு சஹன் கிடந்தது. மர்ஷூதா குந்தினாள்.