காதாக இருந்தவள்

தும்கூரில் எங்கள் வீட்டுக்கும் ருத்ரமுனியப்பா வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். இரண்டு காதும் ஏறக்குறையப் போய்விட்டன. அவர் மனைவி ஹொன்னம்மாவை நான் அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எனக்குப் பாவா.

சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. ஓடுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்வார். சீராக ஓடுகிறதா என்று சொல்வது அக்காவின் வேலை. கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்கிற சத்தத்தை அப்படியே அவர் புறங்கையில் விரலால் தட்டிக் காட்டுவாள்.

திப்தூரில் அக்காவின் தம்பி வீட்டுப் பரணிலிருந்து அவள் அப்பா கட்டியிருந்த கடிகாரம் கிடைத்தது. உள்ளே முழுக்கத் துரு. பாவா நாலைந்து ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பழைய சாமான் சந்தையில் அலைந்து, அதே மாதிரி ஒன்றை வாங்கிவந்து, அதன் சக்கரங்களை இதற்கு மாற்றினார். மூன்று மாதத்தில் அது ஓடியது.

"நொண்டுதுங்க," என்று கையில் தட்டிக் காட்டினாள் அக்கா. "எங்கப்பாவும் கடைசில இப்படித்தான் நடந்தாரு."

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு பாவா சிரித்தார். "உங்கப்பன் காலுக்கு நான் ஜவாப்தாரி இல்லடி. இதச் சரிபண்றேன், பாரு."

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை. நான் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க! என்னங்க!" என்று அக்காவின் குரல். அவள் அவரைக் குரல் கொடுத்துக் கூப்பிடவே மாட்டாள், போய்த் தோளைத்தான் தொடுவாள். மூன்றாவது தரம் குரல் இழையாகத் தேய்ந்துவிட்டது.

ஓடினேன். அடுப்பில் ராகி தீய்ந்துகொண்டிருந்தது. அக்கா நெஞ்சைப் பிடித்தபடி தரையில் கிடந்தாள். அடுத்த அறையில் பாவா எங்களுக்கு முதுகு காட்டி, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அந்தக் கடிகாரத்தின் மேல் குனிந்திருந்தார். தோளைத் தொட்டேன்.

"இரு ஹொன்னா," என்றார் திரும்பாமலே. "இந்த ஒரு திருகு மட்டும்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அக்கா போய்விட்டாள்.

ஆறு மாதம் அந்த மேசைப் பக்கமே அவர் போகவில்லை. சங்கராந்தி கழிந்து ஒருநாள், அந்தக் கடிகாரத்தைச் சரிபண்ணி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "கேட்டுச் சொல்லும்மா."

காதில் வைத்தேன். அவர் கையில் தட்டினேன். நொண்டல் இல்லை. அவர் தலையை ஆட்டினார். ஆனால் எழுந்துபோகவில்லை.

"அன்னிக்கு அவ என்னைக் கூப்பிட்டாளா?"

அவர் கண் என் உதட்டிலேயே இருந்தது.

"இல்ல பாவா. பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டுத்தான் வந்தேன்."

"பாத்திரம் ஒண்ணும் கீழ கிடக்கலியேம்மா."

கடிகாரத்தை அவர் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வாரமே கடிகாரத்தைத் திப்தூருக்கு, மைத்துனனிடம் அனுப்பிவிட்டார். லென்ஸையும் இடுக்கிகளையும் பஜாரில் ஒரு கடைக்காரருக்குச் சும்மாவே கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் பிரிக்கவில்லை.